பின்சுவரை ஜெயித்த கதை

செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் சௌம்யா மாதாப்பூரில் வேலை பார்க்கிறாள். அவள் கம்பெனி நடத்துவது ஒரு அறக்கட்டளை. அது ஊர் ஊராக ஷாப்பிங் மால்களை வாங்கி வைத்திருக்கிறது. அதில் யார் வேண்டுமானாலும் பங்கு வாங்கலாம். கடைகளின் வாடகையில் செலவு போக மிச்சத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். போன வாரம் இதை எனக்குப் புரியவைக்க மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"ஆன்ட்டி, இண்டியாவுக்கு இது டோட்டலா புது கான்செப்ட்" என்றாள்.

"புதுசா? எங்க ஃபேக்டரி ஆளுங்க எழுபதுகள்லயே இதைப் பண்ணியாச்சுடி. நான்தான் கடை கடையா அலைஞ்சு அதைப் பார்த்துக்கிட்டேன்."

"ஜோக்ஸ் நக்கோ ஆன்ட்டி!" நக்கோ என்றால் வேண்டாம்.

அவளுக்கு நான் தமிழில் பேசினால் புரியும். பதில் மட்டும் தமிழோடு ஆங்கிலமும் தெலுங்கும் உருதுவும் கலந்து வரும். அன்று சொல்லச் சொல்ல வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். ஆபீஸில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். சரி, எழுதுகிறேன். தற்பெருமை தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெருமைப்பட வேண்டிய விஷயத்தில் அடக்கமாக இருக்க எனக்கு வராது.

என் அப்பா அரக்கோணத்திலிருந்து வந்து இங்கே ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். நான் பி.காம். முடித்துவிட்டு, டைப்பிங்கும் கற்றுக்கொண்டு, ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையின் ஊழியர் அறக்கட்டளையில் உதவியாளராகச் சேர்ந்தேன். தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் பக்கத்தில் அப்போது நல்ல கடை கிடையாது. ஒரு கிலோ பருப்புக்குக்கூட செகந்திராபாத் பஸ் பிடிக்க வேண்டும். அதனால் ஊழியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு பழைய கட்டடத்தை வாங்கிக் கடைகளாக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் பங்குப் பத்திரம் உண்டு. தசராவுக்கு முன்னால் வாடகை பிரித்துக் கொடுக்கப்படும். சட்டத்தில் சௌம்யா சொல்வது வேறாக இருக்கலாம், விஷயம் ஒன்றுதான்.

இந்த யோசனையின் தகப்பன் சேஷாத்ரி சார். கும்பகோணத்துக்காரர், தொழிற்சாலையின் பணியாளர் பிரிவிலிருந்து அறக்கட்டளைச் செயலாளராக வந்தவர். குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக ஏறி இறங்கி, "என்னை நம்பிப் போடுங்கோ" என்று கேட்டுப் பணம் சேர்த்தார். அந்த "என்னை நம்பி" பின்னால் அவர் கழுத்தைப் பிடித்ததும் உண்டு.

சார் காலையில் ஆபீஸுக்கு நேராக வர மாட்டார். துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதலில் வளாகத்தை ஒரு சுற்று சுற்றுவார். நானும் பின்னால் போக வேண்டும். குழாயைத் திறந்து பார்ப்பார். படிக்கட்டில் வாழைப்பழத் தோல் கிடந்தால் குனிந்து அவரே எடுப்பார். எடுத்துவிட்டு அந்தக் கடைக்காரரை ஒரு பார்வை பார்ப்பார், அந்த மனுஷர் மறுநாள் தண்ணீர் ஊற்றிக் கழுவி வைத்திருப்பார். எந்தக் கடையிலும் ஓசி டீ குடித்ததில்லை. யாரையும் "வியாபாரம் எப்படி" என்றும் கேட்டதில்லை. கேட்டால் எல்லோரும் "ஏதோ போகுது சார்" என்றுதான் சொல்வார்கள். வாடகை ஏறிவிடுமே!

அவர் கேட்பது ஒரே கேள்வி. "நேத்து வந்தவா என்ன கேட்டு, நீர் இல்லைன்னு சொன்னீர்?"

மளிகைக்காரர் யோசித்துச் சொல்வார், ஸ்டவ் திரி கேட்டார்கள் என்று. பாத்திரக்கடைக்காரரும் அதையே சொல்வார். வளையல் கடை லட்சுமம்மா, "ஸ்டவ் ரிப்பேர் எக்கடன்னு என்னைக் கேக்குறாங்க சார், நான் வளையல் விக்கறேனா, விலாசம் விக்கறேனா?" என்று அலுத்துக்கொள்வாள். அடுத்து ஒரு கடை காலியானபோது ஏற்கெனவே இரண்டு ஜவுளிக்கடை இருக்க, மூன்றாவதாக ஒரு ஜவுளிக்காரர் கூடுதல் வாடகை தருவதாக வந்து நின்றார். சார் அவரை அனுப்பிவிட்டு ஸ்டவ் ரிப்பேர்காரருக்குக் கடையைக் கொடுத்தார். கமிட்டியில் பெரிய கூச்சல். "மூணு ஜவுளிக்கடை ஒண்ணையொண்ணு தின்னும். ஸ்டவ் ரிப்பேருக்கு வர்றவா காத்துண்டு நிக்கற நேரத்துல பருப்பு வாங்குவா" என்றார் சார். அப்படியே நடந்தது. முதல் வளாகத்தில் அதன்பின் ஒரு கடை காலி என்றால் அதற்குக் கியூ நிற்கும்.

இந்தத் தெம்பில்தான் இரண்டாவது வளாகம் கட்டினோம். சனி பிடித்ததும் அங்கேதான்.

முதல் வளாகம் பழைய கட்டடம், வாங்கிச் சரிசெய்தது. இரண்டாவதை எங்கள் ஆட்களே வரைந்தார்கள். கமிட்டியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தொழிற்சாலை என்ஜினீயர்கள். வாழ்நாள் முழுக்க ஷாப் ஃப்ளோர் பார்த்தவர்கள் கையில் ஷாப்பிங் சென்டரைக் கொடுத்தால் என்ன ஆகும்? அது ஒரு தொழிற்சாலையாகத்தான் வரும். அகலமான சிமெண்ட் பாதை, இரண்டு பக்கமும் வரிசையாக ஒரே அளவுக் கடைகள், உயரத்தில் காற்றுப்போக்கி, வளாகம் முழுவதற்கும் ஒரே கேட். அந்தக் கேட்டை எங்கே வைத்தார்கள்? தொழிற்சாலை வாசலைப் பார்த்து. ஷிப்ட் விட்டதும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வெளியே வருவார்கள், நேரே கடைக்குள் நுழைவார்கள் என்பது கணக்கு.

ஷிப்ட் விட்டால் மனுஷன் கடைக்கா போவான்? சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவான், இல்லையென்றால் பஸ்ஸில் தொற்றுவான். சாமான் வாங்குகிறவர்கள் வீட்டில் இருக்கும் பெண்கள். அவர்கள் குடியிருப்பு வளாகத்துக்குப் பின்பக்கம் இருந்தது. கடைசி வரிசைக் கடைகளின் முதுகுதான் குடியிருப்பின் மதில். சமையலறையிலிருந்து பார்த்தால் எங்கள் கட்டடம் தெரியும், ஆனால் வந்து சேர வழி இல்லை.

கடை எடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் பூட்டிக்கொண்டு போனார்கள். சார் தினமும் சுற்று வந்து அதே கேள்வியைக் கேட்டார். "கேக்க ஆளே வரல்லியே சார்" என்றார் தையல்காரர் ரஹீம் பாய். அந்தப் பதிலைக் கேட்டுச் சார் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இந்த நேரம் பார்த்து ஒரு காண்ட்ராக்டர் வந்தார். கட்டடத்தை அப்படியே வாங்கி, இடித்துக் கல்யாண மண்டபம் கட்டுவதாகச் சொன்னார். நாங்கள் போட்டதற்கும் குறைவாகத்தான் கேட்டார். ஆனாலும் பாபாராவ் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். பாபாராவ் மெஷின் ஷாப் ஃபோர்மேன், பங்குதாரர்களில் பெரிய குரல்காரர், நல்லவர்தான். "வந்தவரைக்கும் லாபம், வித்துருவோம்" என்று ஊரெல்லாம் பேசினார். பொதுக்குழுவில் விற்பனைத் தீர்மானம் கொண்டுவருவதாக எழுத்தில் கொடுத்தும் விட்டார். பொதுக்குழு தசராவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை.

"வித்துட்டா நான் இந்த ஊர்ல தலைகாட்ட முடியாது கோமதி" என்றார் சார். "பிஎஃப் லோன் போட்டுக் குடுத்திருக்கா சில பேர். என் மூஞ்சிக்காகக் குடுத்தா." லட்சுமம்மாவும் ரஹீம் பாயும் எங்களை நம்பிப் பழைய இடத்தை விட்டு இரண்டாவது வளாகத்துக்கு வந்தவர்கள். மண்டபம் வந்தால் அவர்கள் தெருவில்தான் நிற்க வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஓர் அசட்டுச் சுவருக்காக இத்தனை பேர் நாசமாவதா?

மறுநாள் நான் வளாகத்தைச் சுற்றவில்லை, குடியிருப்பைச் சுற்றினேன். வாசலில் நின்ற பெண்களிடம் கேட்டேன், ஏன் வருவதில்லை என்று. எல்லோரும் மதிலைக் காட்டினார்கள். "மெயின் ரோட் வழியா லாரிக்கு நடுவுல பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு யாரும்மா சுத்தி வர்றது? அதுக்கு பஸ்ஸுல ஏறி செகந்திராபாதே போயிடலாம்" என்றாள் ஒருத்தி. மதிலில் ஒரு கதவு. வேண்டியது அவ்வளவுதான்.

கதவுக்கு அனுமதி தர வேண்டியவர் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி கான் சாப், குடியிருப்பின் காவலும் அவர் கையில்தான். பட்டாளத்தில் இருந்தவர், மெட்ராஸ் ஆட்களோடு பழகியதில் உடைந்த தமிழ் பேசுவார். முறுக்கிய மீசை, இஸ்திரி கலையாத உடுப்பு. சாரும் நானும் போய் நின்றோம்.

"நக்கோ பேட்டி. செவுத்துல கதவு நக்கோ" என்றார், மகளே என்று கூப்பிட்டு. "ஒரு கதவு வெச்சா மூணு ஷிப்டுக்கு ஆளு வேணும். ஆளு கிதர் ஹை, எங்க இருக்கு? முன்னால இதே மாதிரி ஒரு சந்து வுட்டாங்க. செம்புக் கம்பி எல்லாம் அதுலதான் போச்சு. என் சர்வீஸ்ல ஆளு பூந்து போற வழி ஒண்ணுதான். ஏக் கேட். அவ்ளோதான்."

"ஆளு போகக் கூடாது, அவ்வளவுதானே சாப்?" என்று கேட்டேன்.

"ஹவ், ஆமா. ஆளு போகக் கூடாது."

வெளியே வந்ததும் சார் மதிலில் சாய்ந்து நின்றுவிட்டார். "முடிஞ்சுது" என்றார். என்னைப் பொறுத்தவரை முடியவில்லை. செகந்திராபாத் ஸ்டேஷனில் நடைமேடைக்கு நடுவே டீக்கடை இருக்கும். இந்தப் பக்கத்து ரயிலுக்கும் கொடுப்பார்கள், அந்தப் பக்கத்து ரயிலுக்கும் கொடுப்பார்கள், கடைக்குள் ஒருவரும் நுழைவதில்லை. சிறு வயதிலிருந்து பார்த்தது. "சார், ஆள் போக வேண்டாம். சாமான் போகட்டும். கடைசி வரிசைக் கடைங்களுக்கு முதுகுல ஒரு ஜன்னல் வெச்சுடலாம்" என்றேன்.

கான் சாப்புக்கு மறுக்க வழியில்லை, ஆள் போகக் கூடாது, அவ்வளவுதான் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் கம்பி போட வேண்டும் என்றார். போட்டோம். முதல் ஜன்னல் தயாரானதும், தன் காவலர்களிலேயே ஒல்லியானவனை அழைத்து நுழையச் சொன்னார். அவன் தலையை விட்டான், தோளைத் திருப்பினான், மூச்சை அடக்கினான், கடைசியில் காது சிவக்கத் தலையை உருவிக்கொண்டான். "டீக் ஹை, சரி" என்றார் கான் சாப்.

சார் காய்கறிக்காரர் ஒருவரைப் பிடித்துவந்து பின்வரிசையில் உட்காரவைத்தார். லட்சுமம்மா தானாகவே கடையைப் பின்வரிசைக்கு மாற்றிக்கொண்டாள். வளையலுக்குக் கையை மட்டும் கம்பிக்குள் நீட்டினால் போதும். ரஹீம் பாய்தான் தயங்கினார், கம்பிக்கு வெளியே நிற்கிறவருக்கு எப்படி அளவெடுப்பது என்று. "அளவு ஜாக்கெட் குடுக்கச் சொல்லுங்க பாய்" என்றேன். துணியும் பழைய ரவிக்கையும் சேர்ந்து ஜன்னல் வழியே வர ஆரம்பித்தன. நாலு நாளில் பேச்சு பரவியது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடிவந்து கொத்தமல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். சார் தம் கேள்வியைத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார். காய்கறிக்காரர், லட்சுமம்மா, ரஹீம் பாய் மூவரும் ஒரே பதில் சொன்னார்கள்: கிர்னி.

மாவு மில்லை இந்த ஊரில் கிர்னி என்பார்கள். சார் உடனே ஒரு கிர்னிக்காரரைக் கொண்டுவந்தார். எந்தக் கடை என்று கேட்டார். பின்வரிசையில் நட்டநடுக் கடை என்றேன். மெஷின் பூட்டி, பூஜை போட்டு, கற்பூரம் காட்டி ஓடவிட்டார்கள். அந்தச் சத்தம் குடியிருப்பு முழுக்கக் கேட்டது. விடிந்தால் பெண்கள் கோதுமை டின்னோடு ஜன்னலில் நின்றார்கள்.

டின் கம்பிக்குள் நுழையவில்லை.

பையில் கொட்டிக் கொடுக்கலாமே என்று ஆண்கள் யாராவது கேட்பீர்கள். பெண்கள் கேட்க மாட்டார்கள். கிர்னியில் கொடுத்துவிட்டுக் கண்ணை எடுக்கிறவள் எந்த ஊரில் இருக்கிறாள்? தன் கோதுமையில் அடுத்தவள் கோதுமை கலக்கக் கூடாது. தனக்கு முன்னால் மிளகாய் அரைத்தார்களா என்று தெரிய வேண்டும். அரிசி மாவுக்காரி கோதுமைக்காரிக்குப் பின்னால் நிற்க மாட்டாள். கடைசிப் பிடி மாவைத் தட்டி எடுக்கும்வரை மெஷின் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கிர்னிக்காரர் முதுகுதான் தெரியும்.

"உள்ள வுடுங்க!" என்றாள் ஒருத்தி. "மிளகா வாசனை வருது, எனக்கு முன்னாடி என்ன அரைச்ச?" என்று இன்னொருத்தி. ஒருவரும் நகரவில்லை. டின்னைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். அது மதிலோரம் காவலர்கள் ரோந்து போகும் பாதை. ரோந்து நின்றது. தகவல் போய்க் கான் சாப் ஜீப்பில் வந்து இறங்கினார். மீசையை நீவிக்கொண்டு, "ஹட்டோ, ஹட்டோ" என்று நாலடி வைத்தவர் அப்படியே நின்றார். வரிசையின் நடுவில் ஒரு டின்மேல் அவருடைய பேகம் உட்கார்ந்திருந்தார்.

பேகம் எழுந்திருக்கக்கூட இல்லை. "கைக்கு ஹட்டோ? ஆட்டா பீஸ்னா நக்கோ கியா?" என்றார். ஏன் நகர வேண்டும், மாவு அரைக்க வேண்டாமா என்று அர்த்தம். அத்தனை பெண்களும் சிரித்தார்கள். கான் சாப் ஜன்னலைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பேட்டி, டின்னு உள்ள போகாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"கம்பி இடைவெளி நீங்க சொன்னதுதானே சாப்" என்றேன்.

தெரியும். அளந்து பார்த்துத்தான் அந்தக் கடையைக் கிர்னிக்குச் சொன்னேன். பின்னால் சார், "நீ அளந்துதானே பார்த்தே?" என்று கேட்டபோது தலையை ஆட்டிவிட்டேன். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கதவு வைக்க அந்த வாரமே உத்தரவு வந்தது. ஆளுக்கு எங்கே போவது என்ற கேள்வியையும் கான் சாப் அவரே தீர்த்தார். கிர்னிக்கு ஒட்டினாற்போல் இருந்த காலிக் கடையின் முதுகில் கதவை வைக்கச் சொன்னார். நாள் முழுக்க அங்கேயே நிற்கும் கிர்னிக்காரர் கழுத்தில் ஒரு விசிலை மாட்டினார். பொழுது சாய்ந்தால் பூட்டிச் சாவியைக் காவலரிடம் கொடுக்க வேண்டும். கதவு திறந்த முதல் நாள் உள்ளே வந்த பெண்கள், மாவு அரைபடும் நேரத்தில் முன்வரிசைவரை நடந்து பார்த்தார்கள். பூட்டிக்கொண்டு போன கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஆபீஸில் வந்து, "நம்ம பழைய கடைதான் சார்..." என்று இழுத்தார்கள். சார் அவர்களை மரியாதையாக உட்காரவைத்துவிட்டு, ஜவுளிக்கு ஒன்றுதான், பாத்திரத்துக்கு ஒன்றுதான் என்று கறாராகப் பிரித்தார்.

பொதுக்குழு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட்டத்தை இரண்டாவது வளாகத்து மாடியிலேயே வைத்தோம், அதுவும் என் யோசனைதான். பங்குதாரர்கள் தனியாக வரவில்லை. தசரா சமயம், பெண்டாட்டி பிள்ளைகளோடு பின்கதவு வழியே வந்தார்கள். ஆண்களை மாடிக்கு அனுப்பிவிட்டுப் பெண்கள் கீழேயே தங்கிவிட்டார்கள். காண்ட்ராக்டர் வெள்ளைச் சட்டையில், தோல் பையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சார் துணிப்பையைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். கடைகள் நிறைந்தால் மட்டும் போதுமா? விற்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

தலைவர் தீர்மானத்தைப் படித்தார். முன்மொழிகிறவர் பாபாராவ். பாபாராவைக் காணோம்.

எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். காண்ட்ராக்டர் எழுந்து படிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பாபாராவ் மூச்சிரைக்க ஏறி வந்தார். தலைமுடி, மீசை, சட்டை எல்லாம் வெள்ளை வெளேர் என்று மாவு.

"லேட் ஆயிடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்றார். "கிர்னியில கியூ ரொம்ப பெரிசு. வீட்டுக்காரம்மா நிக்க வெச்சுட்டுப் போயிட்டாங்க."

யாரோ பின்னாலிருந்து கொல்லென்று சிரித்தார். அவ்வளவுதான், மாடியே அதிர்ந்தது. பாபாராவுக்கு முதலில் புரியவில்லை. சட்டையைக் குனிந்து பார்த்தார், தட்டப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் மாவு பறந்தது. அவரும் சிரித்துவிட்டார். தலைவர், "பாபாராவ் காரு, உங்க தீர்மானம்..." என்று ஆரம்பித்தார்.

"தீசேயண்டி சார், எடுத்துடுங்க" என்றார் பாபாராவ். "இதை வித்துட்டு நான் வீட்டுக்குப் போக முடியாது."

கைதட்டல் ஓயவே இல்லை. காண்ட்ராக்டர் எப்போது இறங்கிப் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. சார் நன்றி சொல்ல எழுந்தார். "நீங்கள்லாம் என்னை நம்பி..." என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பேசச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் பங்குதாரர் இல்லை, அந்தக் கூட்டத்தில் பேச எனக்கு உரிமையும் இல்லை. ஆனாலும் எழுந்தேன். ஜெயித்துவிட்டோம், நான் ஜெயித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். பெரிதாக ஏதாவது பேசலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது இவ்வளவுதான்:

"மீட்டிங் முடிஞ்சுது. கீழ கடைங்க திறந்திருக்கு."

எல்லோரும் எழுந்து படியிறங்கினார்கள். ஒருவரும் நேராக வீட்டுக்குப் போகவில்லை.